பகலில் சாம்பல், இரவில் ரோஸ்: வீட்டுச் சுவருக்கு எந்த ஊதா?

கேள்வி: சேலம் அழகாபுரத்தில் எங்கள் பழைய வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் தன் அறைக்கு ஊதாதான் வேண்டும் என்கிறாள். அறை 11-க்கு 10 அடி, வடக்கே ஜன்னல். கடையில் அட்டையைப் பார்த்து ஒரு லாவெண்டரை எடுத்து ஒரு சுவரில் மட்டும் அடித்துப் பார்த்தோம். பகலில் சாம்பல் மாதிரி இருக்கிறது, இரவில் பல்பு போட்டால் ரோஸ் மாதிரி தெரிகிறது. ஜன்னலைப் பெரிதாக்கிப் புதிதாகப் பூசிய இடத்தில், பத்தே நாளில் பெயிண்ட் அடித்தோம். அங்கே திட்டுத் திட்டாக நீலம் பாய்ந்திருக்கிறது. 16-க்கு 12 அடி ஹால் மேற்குப் பார்த்தது. சோபாவுக்குப் பின்னால் ஒரு சுவரைக் கத்தரிக்காய் நிறத்தில் அடிக்க எனக்கு ஆசை. வீடு இருண்டுவிடும் என்கிறார் கணவர். பூஜை அறைக்கு ஊதா வேண்டவே வேண்டாம் என்கிறார் மாமியார். ஏற்காட்டில் மாமனாரின் பழைய கல் சுவர் வீட்டுக்கும் இதே நிறத்தை எடுக்கலாமா? பெயிண்டர் வேறு, "வெள்ளை வாங்கிக் கொடுங்க, ஸ்டெயினர் போட்டு நானே கலக்கிடறேன்" என்கிறார்.
வாசகி, அழகாபுரம், சேலம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடையில் டின்னை மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட வேண்டாம். நீங்கள் பார்த்த சாம்பலும் ரோஸும் ஒரே லாவெண்டரின் இரண்டு முகங்கள். வீட்டுச் சுவருக்கு அடிக்கிற நிறங்களில் வெளிச்சத்துக்கு ஏற்ப மிக அதிகமாக மாறுவது ஊதாதான். அதனால் ஊதா எடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது ஜன்னல், விளக்கு, தரை. ஷேடு கார்டு அதற்குப் பிறகுதான்.

உங்கள் பீரோவில் ஊதாவாகத் தெரியும் இரட்டை நிறப் பட்டு ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாவில் சிவப்பு, ஊடையில் நீலம் ஓடியிருக்கும். தூரத்தில் ஊதாவாகத் தெரியும், மடிப்பைத் திருப்பினால் ஒரு பக்கம் சிவக்கும், மறுபக்கம் நீலமாகும். சுவரில் அடிக்கும் ஊதாவுக்குள்ளும் அதே இரண்டு நிறங்கள்தான் இருக்கின்றன. மஞ்சள் வெளிச்சத்தில் சிவப்பு நிறைய, நீலம் குறைவு. அதனால் இரவில் உங்கள் பல்பு லாவெண்டருக்குள் இருந்த சிவப்பைத் தூக்கிக் காட்டியது, ரோஸ் ஆனது. வடக்கு ஜன்னலில் பகல் முழுக்க வருவது வானத்தின் நீல வெளிச்சம். அதில் சிவப்பு அமுங்கி, வெளிறிய நிறம் சாம்பலாகிவிட்டது. கடையில் நீங்கள் அட்டையைப் பார்த்தது பெரும்பாலும் வெள்ளை வெளேர் டியூப் வெளிச்சத்தில். அது மூன்றாவது முகம்.

பேச்சு வழக்கில் எல்லாவற்றையும் ஊதா என்று சொல்லிவிடுகிறோம். பெயிண்ட் எடுக்கும்போது பிரித்துப் பேசினால் பாதிக் குழப்பம் தீரும். ஊதா டிசம்பர் பூ நீலம் சாய்ந்தது. வாடாமல்லி சிவப்பு சாய்ந்தது. கத்தரிப்பூ இரண்டுக்கும் நடுவில், வெளிறியது. கத்தரிக்காய் கரும்பழுப்பை நோக்கிப் போவது, நாவல்பழம் கருநீலத்தை நோக்கிப் போவது. கடையில் அட்டையை எடுத்ததும் "இது டிசம்பர் பூப் பக்கமா, வாடாமல்லிப் பக்கமா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையைத் தனியாக வைத்துப் பார்த்தால் பிடிபடாது. ஒரு சுத்த நீல அட்டைக்கும் ஒரு ரோஸ் அட்டைக்கும் நடுவில் வையுங்கள், எந்தப் பக்கம் சாய்கிறது என்பது உடனே தெரியும்.

இணையத்தில் படித்த வெளிநாட்டு ஆலோசனைகளை ஒரு விஷயத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். "வடக்கு அறையில் வெயிலே வராது" என்பது அவர்கள் ஊர் நிலவரம். சேலம் ஏறக்குறைய 11.7 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை இங்கே நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு வடக்கே நிற்கும். மே, ஜூன் மாதங்களில் உங்கள் மகள் அறையின் வடக்கு ஜன்னலில் காலையிலும் மாலையிலும் சாய்ந்த வெயில் விழும். டிசம்பரில் ஒரு கீற்றுகூட விழாது. ஆக அந்த அறைக்கு ஆண்டில் இரண்டு வெளிச்சங்கள். வெளிறிய நீலச் சாய்வு லாவெண்டர் எட்டு மாதம் சோகையாகவே தெரியும். சிவப்பு கொஞ்சம் தூக்கலான, அட்டையில் "இது கொஞ்சம் ரோஸாக இருக்கிறதே" என்று தயங்க வைக்கிற கத்தரிப்பூ நிறம் அந்தச் சுவரில் சரியான ஊதாவாக நிற்கும்.

எவ்வளவு வெளிறியது என்பதற்கு ஓர் எண் இருக்கிறது. ஷேடு கார்டின் பின்புறத்திலோ நிறுவனத்தின் வண்ணப் பட்டியலிலோ எல்.ஆர்.வி. என்று போட்டிருப்பார்கள்; சுவர் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்ற அளவு. கறுப்பு 0, வெள்ளை 100. மகள் அறை சின்னது, படிக்கிற அறையும்கூட. நான்கு சுவரும் ஊதா என்றால் 60-க்குக் கீழே போக வேண்டாம். இன்னொன்றும் நடக்கும்: நான்கு சுவரும் ஒன்றின் நிறத்தை ஒன்றின்மேல் வீசிக்கொள்ளும். அட்டையில் மென்மையாக இருந்தது அறை முழுக்க அடித்ததும் ஒன்றிரண்டு படி அழுத்தமாகத் தெரியும். ஆகவே மனதுக்குப் பிடித்த அட்டைக்கு ஒரு படி மேலே, வெளிறியதாகவும் கொஞ்சம் சாம்பல் கலந்ததாகவும் எடுங்கள். பதினைந்து வயதில் பளீரென்ற ஊதாதான் பிடிக்கும் என்பது தெரியும். பளீர் வேண்டுமென்றால் அதைப் படிக்கும் மேசையில் உட்காரும்போது முதுகுப் பக்கம் வரும் சுவருக்குக் கொடுங்கள். மேசைக்கு எதிர்ச் சுவர் அமைதியாக இருக்கட்டும்.

அந்த அறையில் கண்ணாடி இருக்குமானால், அதற்கு முன்னால் நிற்கும்போது முகத்துக்கு நேர் எதிரே வரும் சுவர் அழுத்தமான ஊதாவாக இருக்கக் கூடாது. சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தில் விழும். பொட்டு, புடவை, பூ எல்லாமே கண்ணாடியில் வேறு நிறமாகத் தெரியும்.

விளக்குக்கு வருவோம். பல்பு அட்டைப்பெட்டியில் கெல்வின் என்று ஓர் எண் இருக்கும். 2700, 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம். 6500 என்றால் நம் வீடுகளில் வழக்கமான வெள்ளை டியூப். 4000 இரண்டுக்கும் நடுவில். ஊதாச் சுவர் உள்ள அறையில் ஒரு மூலையில் 3000, மறு மூலையில் 6500 என்று கலந்து போட்டால் ஒரே சுவர் ஒரு பக்கம் ரோஸாகவும் மறு பக்கம் நீலமாகவும் தெரியும். மகள் அறை முழுக்க 4000-இல் நில்லுங்கள். அதே பெட்டியில் சி.ஆர்.ஐ. என்று இன்னோர் எண் இருக்கும்; பொருளின் நிறத்தை விளக்கு எவ்வளவு நேர்மையாகக் காட்டுகிறது என்ற அளவு. சாதாரண எல்.இ.டி. பல்புகளில் 80 என்று இருக்கும். அவற்றில் ஆழ்ந்த சிவப்பு குறைவு, அதனால் ஊதா செத்துத் தெரியும். 90-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் ஓர் அறைக்கு இரண்டு மூன்று பல்பு போதும், சுவரைத் திரும்ப அடிக்கும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

தரையும் கதவும் ஊதாவோடு சண்டை போடக்கூடியவை. மஞ்சளும் ஊதாவும் எதிர் நிறங்கள். பக்கத்தில் வைத்தால் மஞ்சள் இன்னும் மஞ்சளாகும், ஊதா இன்னும் நீலமாகும். கிரீம் டைல்ஸ், வார்னிஷ் அடித்த தேக்குக் கதவு, சந்தனக் கலர் சுவர் இந்த மூன்றும் நம் வீடுகளில் சாதாரணம். மூன்றிலுமே மஞ்சள் இருக்கிறது. அதற்காகக் கதவைக் கழற்ற வேண்டாம், சாம்பல் கலந்த ஊதாவை எடுத்தால் போதும். செய்யக் கூடாதது ஒன்றுதான்: ஒரு சுவர் ஊதா, மீதி மூன்று சந்தனம். மீதிச் சுவர்களுக்கும் கூரைக்கும் மஞ்சள் சாயாத, லேசாகச் சாம்பல் சாய்ந்த வெள்ளையை எடுங்கள். பழைய வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை எந்த அறையிலாவது மிச்சமிருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். கத்தரிக்காய், வாடாமல்லிச் சாய்வுள்ள ஊதாக்களுக்கு அதைவிடப் பொருத்தமான தரை கிடையாது. புதுப்பிக்கிறோம் என்று அதன் மேல் டைல்ஸ் ஒட்டிவிடாதீர்கள்.

இனி, அட்டையை நம்பாமல் எப்படிச் சோதிப்பது? இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பிடித்த மூன்று நிறங்களை மட்டும் கடையில் கிடைக்கும் மிகச் சிறிய அளவில் கலக்கி வாங்குங்கள். 2-க்கு 3 அடி ஹார்ட்போர்டு மூன்று வாங்கி, வெள்ளை பிரைமர் ஒரு கோட் அடித்து, மேலே நிறம் இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) வெளிறித் தெரியும், காய்ந்தால் ஒரு சாயல் கருக்கும். எனவே முழுதாகக் காய்ந்த மறுநாள்தான் தீர்ப்பு. சுவரிலேயே திட்டுப் போட்டுப் பார்ப்பது வேண்டாம். சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். பலகையை நிற்க வைத்தே பாருங்கள், தரையில் படுக்கப் போட்டால் வெளிச்சம் வேறு கோணத்தில் விழும். காலை 7, மதியம் 1, மாலை 5, இரவு 8 என நான்கு வேளையும் ஒவ்வொரு சுவரிலும் சாத்தி வையுங்கள். டைல்ஸ் ஓரம் ஒரு முறை, கதவு நிலையோரம் ஒரு முறை. நான்கு வேளையில் மூன்றில் பிடித்தால் எடுக்கலாம். மகள் அந்த அறையில் அதிகம் இருப்பது மாலையும் இரவும் என்றால், அந்த இரண்டு வேளைக்கே முதல் மதிப்பு. கைபேசியில் படம் எடுத்து உறவினர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்காதீர்கள். ஒவ்வொரு திரையும் ஊதாவை ஒவ்வொரு விதமாகக் காட்டும்.

பெயிண்டர் ஸ்டெயினர் கலக்குவதற்கு வருகிறேன். வெளிறிய பச்சை, கிரீம் போன்றவற்றை அனுபவமுள்ளவர் கையால் கலக்கிவிடலாம். ஊதாவில் அது வேண்டாம். அவர் கையிலிருக்கும் சிவப்பு மஞ்சள் சாய்ந்ததாகவோ செங்காவி வகையாகவோ இருந்தால், நீலத்தோடு சேர்ந்ததும் பழுப்பு கலந்த சேற்று நிறம்தான் வரும். சுத்தமான ஊதாவுக்கு மெஜந்தா அல்லது வயலட் நிறமி வேண்டும். வயலட் நிறமிகளில் பரவலாகப் பயன்படும் டயாக்சசீன் வயலட் மிகவும் வீரியமானது. ஒரு லிட்டரில் சில சொட்டு கூடினாலே நிறம் மாறிவிடும். நடுச் சுவரில் பெயிண்ட் தீர்ந்து, திரும்பக் கலக்கினால் நிறம் ஒத்துப்போகாது. கடை மெஷினிலேயே கலக்குங்கள். அப்படியும் இரண்டு மூன்று டின் வாங்கினால், எல்லாவற்றையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றி ஒன்றாகக் கலக்கிவிட்டுத்தான் தொடங்கச் சொல்லுங்கள். தண்ணீரும் அப்படியே. டின்னில் எழுதியிருக்கும் அளவை ஒரு மக்கில் அளந்து, எல்லாக் கோட்டுக்கும் ஒரே அளவாக ஊற்ற வேண்டும்.

நீலம் பாய்ந்த திட்டுக்குக் காரணம் புதுப்பூச்சு. ஈர சிமெண்டில் சுண்ணாம்பில் இருப்பதுபோன்ற காரத்தன்மை மிக அதிகம். ஊதாவுக்குள் இருக்கும் சில சிவப்பு, மெஜந்தா நிறமிகள் அந்தக் காரத்தைத் தாங்காமல் நிறமிழந்துவிடும். நீல நிறமி பெரும்பாலும் தாங்கும். சிவப்பு போய்விட்டால் மிஞ்சுவது நீலம். கிரீம் சுவரில் இதே தவறு கண்ணில் படாமல் போயிருக்கும், ஊதா காட்டிக்கொடுத்துவிட்டது. அதன்மேல் இன்னொரு கோட் அடித்து மறைக்க நினைத்தால் சில வாரத்தில் மறுபடி தெரியும்.

செய்ய வேண்டியது இது. அந்த இடத்தை நன்றாகச் சுரண்டி எடுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடையுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து சுவருக்குள்ளேயே திரும்பிப் போகும். பூச்சு முடிந்த நாளிலிருந்து குறைந்தது 28 நாள் ஆக வேண்டும். பிறகு 2-க்கு 2 அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி ஓர் இரவு விடுங்கள். காலையில் தாளின் உட்புறம் துளி கோத்திருந்தால் சுவர் இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்; ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். 28 நாள் தாண்டியும் பல வாரம் தொடர்ந்து துளி கோத்தால், ஜன்னல் சன்ஷேடு ஓரத்திலிருந்து மழைநீர் இறங்குகிறதா என்று வெளிப்பக்கம் தேடுங்கள். அதை அடைக்காமல் உள்ளே எந்தப் பெயிண்ட்டும் நிற்காது. சுவர் காய்ந்திருந்தால், லேசாக நனைத்து வெள்ளை சிமெண்ட் பட்டி இரண்டு கோட், இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் கனம் போகாமல். அந்தத் திட்டு 20 சதுர அடி என்றால் மட்டமான பூச்சுக்கு ஒரு கிலோ பட்டி போதும், சொரசொரப்பாக இருந்தால் ஒன்றரை. காய்ந்ததும் 220 நம்பர் உப்புத்தாள், பிறகு காரத்தைத் தாங்கும் பிரைமர் என்று கேட்டு வாங்கி ஒரு கோட். கடைசியில் நிறத்தைத் திட்டுக்கு மட்டும் அடிக்காமல், அந்தச் சுவர் முழுவதையும் மூலைக்கு மூலை அடிக்க வேண்டும்.

கணக்கு: மகள் அறை நான்கு சுவர், பத்தடி உயரம், 420 சதுர அடி. கதவும் ஜன்னலும் கழித்தால் 380 சொச்சம். பட்டி போட்ட மட்டமான சுவரில் நல்ல எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 120 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் மூன்றேகால் லிட்டர் வரும். நான்கு லிட்டர் டின் ஒன்று வாங்கினால் பின்னாளில் ஒட்டுவேலைக்கும் மிஞ்சும்.

ஹால் விஷயத்தில் உங்கள் ஆசையின் பக்கம்தான் நான் நிற்கிறேன். 16-க்கு 12 ஹாலின் சுவர்ப் பரப்பு 560 சதுர அடி. அதில் 12 அடிச் சுவர் ஒன்று 120, ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல். கத்தரிக்காய் நிறத்தின் எல்.ஆர்.வி. 10-க்கும் கீழே இருக்கலாம். ஆனால் மற்ற மூன்று சுவரும் கூரையும் 75-க்கு மேல் இருந்தால் ஹால் இருளாது. கணவரின் கவலை வேறொரு இடத்தில் பலிக்கக்கூடும். மேற்கு ஜன்னல் இருக்கும் அதே சுவரை அழுத்த நிறத்தில் அடித்தால், மாலையில் ஜன்னல் கண்ணைக் கூசும், சுற்றியுள்ள சுவர் குகை மாதிரி தெரியும். சோபாச் சுவர் ஜன்னலுக்கு நேர் எதிரே இருக்கிறதா, பக்கவாட்டிலா என்று நீங்கள் எழுதவில்லை. எதிரே என்றால் தாராளமாக அடியுங்கள். பக்கவாட்டில் என்றால், ஜன்னல் வெளிச்சம் சுவரை ஒட்டி உரசிக்கொண்டு வரும். பட்டியின் ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழல் விழுந்து தெரியும். அதற்குத் துணிந்தால், பட்டி முடிந்த இரவில் விளக்கை அணைத்து, ஒரு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து அடித்துப் பாருங்கள். மேடுகளைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டி, திரும்பத் தேய்க்கச் சொல்லுங்கள்.

மேற்கு வெயில் மூன்று மணிக்கு மேல் மஞ்சளாகி, ஆறு மணிக்குள் ஆரஞ்சாகிவிடும். வாடாமல்லிப் பக்கம் சாய்ந்த அழுத்த நிறம் அப்போது ரத்தச் சிவப்பாகப் போகும். சேலத்து ஏப்ரல் மாலையில் அந்தச் சுவரைப் பார்த்தாலே வியர்க்கும். நாவல்பழப் பக்கம் ஒரு படி நகருங்கள். மாலை வெயில் விழும்போது அது தானாகவே கத்தரிக்காய் நிறத்துக்கு வந்து சேரும். நேர் வெயில் தினமும் விழுந்தால் ஊதா மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் வெளுக்கக் கூடியது, குறிப்பாக வெளிறிய சாயல்கள். மாலை மூன்றிலிருந்து ஒரு மெல்லிய வெள்ளைத் திரை தொங்கட்டும்.

அழுத்த நிறங்களை மெஷினில் கலக்கும் பேஸில், அதாவது நிறம் சேர்ப்பதற்கு முந்தைய அடிப்படைப் பெயிண்டில், வெள்ளை நிறமி மிகக் குறைவு. அதனால் அடியில் உள்ளதை மறைக்காது. வெள்ளை பிரைமர்மேல் நேராக அடித்தால் நான்கு கோட் போட்டும் பிரஷ் கோடுகள் வெள்ளையாக எட்டிப்பார்க்கும். பிரைமரையே நடுத்தரச் சாம்பல் நிறத்தில் கலக்கித் தரச் சொல்லுங்கள். அதன் மேல் மூன்று கோட், இடையில் நான்கு மணி நேரம். 120 சதுர அடிக்கு மூன்று கோட்டுக்கு இரண்டு லிட்டர் போதும். பளபளப்பு குறைந்த வகையை எடுங்கள். அதிகப் பளபளப்பு சுவரின் அலைகளைக் காட்டும், முழு மேட் வகையில் நகம் பட்டாலே வெள்ளைக் கீறல் விழும். அப்படியும் சோபாவைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளிப் போடுங்கள்.

அடிக்கும் முறையிலும் ஒன்று கவனியுங்கள். ஓரங்களைப் பிரஷ்ஷால் முதலில் முடித்து, மதியம் சாப்பிட்டு வந்து ரோலர் ஓட்டினால், சுவரைச் சுற்றிப் படச்சட்டம் போட்டதுபோல் ஒரு கறுத்த வரம்பு நிற்கும். மூன்றடி ஓரம் பிரஷ்ஷால் அடித்ததும் அந்த ஈரம் காயுமுன் ரோலர் அதைத் தொட வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து செய்தால் எளிது. வெயில் காலத்தில் மேற்குச் சுவர் சூடேறியிருக்கும். காலை எட்டுக்குத் தொடங்கி பதினொன்றுக்குள் ஒரு கோட்டை முடித்துவிடச் சொல்லுங்கள். அடித்து முடியும் வரை ஃபேன் ஓடக் கூடாது. பக்கச் சுவரோடு சேரும் கோடு நேராக வர, டேப் ஒட்டியதும் அதன் விளிம்பில் முதலில் பக்கச் சுவரின் வெள்ளையையே ஒரு கை இழுத்துக் காயவிடுங்கள். கசிந்தால் வெள்ளைதான் கசியும், ஊதா உள்ளே போகாது. கடைசிக் கோட் முழுதாகக் காயுமுன் டேப்பைச் சாய்வாக உரித்துவிட வேண்டும். முதல் மூன்று நான்கு வாரம் அந்தச் சுவரை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், நிறம் துணியில் வரும்.

பூஜை அறையில் உங்கள் மாமியார் சொல்வதே சரி. நல்லெண்ணெய்த் தீபத்தின் வெளிச்சம் ஏறக்குறைய 1900 கெல்வின், எந்த மஞ்சள் பல்பைவிடவும் மஞ்சள். அதில் நீலம் அநேகமாக இல்லை. வெளிறிய ஊதா தீப வெளிச்சத்தில் ஊதாவாகவே நிற்காது, அழுக்கேறியதுபோல் மங்கிவிடும். மஞ்சளும் குங்குமமும் பித்தளையும் மங்கும். கிரீமோ வெளிறிய சந்தனமோ அடியுங்கள், கழுவக்கூடிய வகையில்; தீபப் புகை படியும் இடம். சமையலறைக்கும் ஊதா வேண்டாம். தாளிப்பில் தெறிக்கும் மஞ்சள்தூள் கறை ஊதாவில் அப்பட்டமாகத் தெரியும்.

ஏற்காட்டுக்கு இதே டின்னைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் கீழே, ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில். அங்கே வெளிச்சம் பனிமூட்டத்தில் வடிகட்டி வருகிறது. ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடியும் சில்வர் ஓக்கும் நின்றால் அந்த இலைகளின் பச்சையும் உள்ளே விழும். பச்சை, ஊதாவை அடக்கிச் சாம்பலாக்கும் நிறம். சேலத்தில் வெயில் விழும் அறையில் அழகாக இருக்கும் நீலச் சாய்வு லாவெண்டர் அங்கே மழைக்கால வானம்போல் ஆகிவிடும். அங்கே வாடாமல்லிப் பக்கம் நன்றாகச் சாய்ந்ததை எடுத்து, 2700 கெல்வின் விளக்குப் போடுங்கள். குளிருக்கும் இதமாக இருக்கும்.

அதைவிட முக்கியம் சுவர். பழைய கல் சுவரில் இதுவரை சுண்ணாம்புதான் அடித்திருக்கிறார்கள் என்றால், எமல்ஷன் பூசி மூடாதீர்கள். சுவர் மண்ணிலிருந்தும் மழையிலிருந்தும் ஈரம் குடித்து, காற்றில் விட்டுக்கொண்டிருக்கும். பிளாஸ்டிக் படலம் அதை அடைத்தால் கொப்புளம் போட்டுத் தோலாக உரியும், பின்னால் பூஞ்சை பிடிக்கும். சுண்ணாம்பிலேயே ஊதா கொண்டுவரலாம். துணிக்குப் போடும் நீலத்தைச் சுண்ணாம்பில் கலக்கும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. கடையில் அல்ட்ராமரின் நீலத் தூளாகவே கேட்டு வாங்குங்கள், அது சுண்ணாம்பின் காரத்தைத் தாங்கும். செங்காவி ஆக்சைடும் தாங்கும். சுவர் அடிக்கிற பெயிண்ட்டில் வேண்டாம் என்று மேலே சொன்ன அதே நீலமும் காவியும் சேர்ந்த மங்கல், இங்கே கல் சுவருக்கு அழகான புகை ஊதாவாக அமையும். இரண்டு தூளையும் தனித்தனியே தண்ணீரில் குழைத்து வடிகட்டி, நீலத்தை முதலில் விட்டு, காவியைக் கரண்டி கரண்டியாகச் சேர்த்து நிறம் பிடியுங்கள். தூளின் மொத்த எடை சுண்ணாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் கையில் ஒட்டும். ஈரத்தில் இருப்பதைவிடக் காய்ந்தால் பல மடங்கு வெளுக்கும், ஆகவே ஓர் ஓட்டில் தடவிக் காயவைத்துப் பார்த்த பிறகே சுவரில் கை வையுங்கள். கெட்டியாக ஒரு கோட் போடுவதைவிட, மோர் பதத்தில் மூன்று கோட் நிற்கும். ஒவ்வொன்றுக்கும் முன் சுவரை நனைக்க வேண்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அதற்கு ஏற்ற காலம். மதியம் மூன்று மணிக்கு மேல் அடிக்காதீர்கள், பனி இறங்குமுன் மேற்பரப்பு காய்ந்தாக வேண்டும்.

சேலத்து அறைகள் இரண்டுக்கும் டின் மூடியில் ஒட்டியிருக்கும் ஷேடு எண், பேஸ் பெயர், கலவை அளவுச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சீட்டைக் கிழித்துப் பரண் கதவின் உட்புறமும் ஒட்டிவிடுங்கள். மிஞ்சிய பெயிண்டைப் பாதி காலியான டின்னில் விடாமல், நிரம்பி நிற்கும் அளவுக்குச் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் மாற்றி, இறுக மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மகளின் மூன்று ஹார்ட்போர்டுகளையும் தூக்கிப் போட வேண்டாம். திரைத்துணியும் படுக்கை விரிப்பும் எடுக்கக் கடைக்குப் போகும்போது, தேர்ந்த பலகையிலிருந்து ஒரு சாண் துண்டை அறுத்துக் கையில் கொண்டு போங்கள். துணியைக் கடை வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் அதோடு வைத்துப் பார்த்த பிறகே வெட்டச் சொல்லுங்கள்.